கண்ணாடி என்றால் என்ன? முரானோ தீவின் சின்ன அருங்காட்சியகத்தில் ஒரு பாடம்

வெனிஸ் நகரத்தின் வடக்குக் கரையில் படகேறினால் பத்து நிமிடத்தில் முரானோ தீவு வந்துவிடும். அங்குள்ள படகுத்துறை ஒன்றின் பெயரே ‘மூசேயோ’, அதாவது அருங்காட்சியகம். இறங்கிச் சற்று நடந்தால் கால்வாயோரம் ஒரு பழைய மாளிகை நிற்கிறது. ஒரு காலத்தில் டொர்செல்லோ மறைமாவட்டத்தின் ஆயர்கள் குடியிருந்த வீடு. இப்போது உள்ளே கண்ணாடியைத் தவிர வேறெதுவும் இல்லை. ஒரு காலைப்பொழுதில் பார்த்து முடித்துவிடலாம், அவ்வளவு சின்னது.

இதை 1861இல் தொடங்கியவர்கள் இருவர். ஒருவர் அப்போதைய முரானோ மேயர் அந்தோனியோ கொல்லெயோனி, மற்றவர் வின்சென்சோ சனேத்தி என்ற பாதிரியார். சுற்றுலாப் பயணிகள் அவர்கள் நினைப்பிலேயே இல்லை. 1797இல் வெனிஸ் குடியரசு நெப்போலியனிடம் விழுந்தது. அடுத்த சில ஆண்டுகளில் கண்ணாடிக்காரர்களின் தொழிற்குழுவும் கலைக்கப்பட்டது. உலைகள் ஒவ்வொன்றாக அணைய, தாத்தா செய்ததைப் பேரனுக்குச் செய்யத் தெரியவில்லை என்ற நிலை வந்தது. பழைய பொருட்களையும் ஆவணங்களையும் ஓரிடத்தில் சேர்த்து வைத்தால் உலையில் வேலை செய்யும் பையன்கள் வந்து பார்த்துப் பழகிக்கொள்வார்கள் என்பது சனேத்தியின் கணக்கு. அடுத்த ஆண்டே அதோடு சேர்த்து ஒரு தொழிற்பள்ளியும் தொடங்கினார்.

அதாவது, இது பாடப்புத்தகமாகவே பிறந்த அருங்காட்சியகம். நாமும் அப்படியே பயன்படுத்திக்கொள்வோம்.

மூன்று சரக்கு

மணலில் இருந்து கண்ணாடி வருகிறது என்பது பள்ளியில் படித்ததுதான். ஆனால் வெறும் மணலை மட்டும் உருக்க அந்தக் காலத்தில் யாராலும் முடியாது. மணலில் உள்ள சிலிக்கா உருகுவதற்குச் சுமார் 1,700 டிகிரி செல்சியஸ் வேண்டும். விறகு உலை அவ்வளவு தூரம் போகாது. அதனால் இன்னொன்றைக் கூடப் போட்டார்கள்: சோடா. துணி துவைக்கிற அதே சலவைச் சோடாதான். அது சேர்ந்துவிட்டால் விறகு உலையின் சூட்டுக்கே மணல் இளகிக் குழம்பாகிவிடும்.

ஆனால் சோடாவில் ஒரு வம்பு உண்டு. மணலும் சோடாவும் மட்டும் சேர்ந்த கண்ணாடி தண்ணீரில் கரையும். நிஜமாகவே கரையும், சோடியம் சிலிக்கேட் என்ற பெயரில் அட்டைப்பெட்டிப் பசையாகவும் சோப்பில் சேர்க்கும் சரக்காகவும் அது இன்றும் விற்பனையில் இருக்கிறது. அதைக் கரையாமல் நிறுத்துவது மூன்றாவது சரக்கான சுண்ணாம்பு. இன்றைய ஜன்னல் கண்ணாடியில் 100க்கு 70 பங்குக்குச் சற்று மேல் சிலிக்கா, 13, 14 பங்கு சோடா, 10 பங்கையொட்டிச் சுண்ணாம்பு. மிச்சம் சில்லறைச் சேர்மானங்கள்.

வேடிக்கை என்னவென்றால், பழங்காலத்துக் கண்ணாடிக்காரர்கள் யாரும் சுண்ணாம்பு என்று தனியாகப் போட்டதில்லை. கடற்கரை மணலில் கிடந்த சிப்பித் துகளோடும் செடிச் சாம்பலோடும் அது தானாகவே உலைக்குள் வந்து விழுந்தது. தங்கள் பாத்திரம் கரையாமல் நிற்பதற்கு அதுதான் காரணம் என்று அவர்களுக்குத் தெரியாது. இந்தச் சுண்ணாம்பைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

கற்கண்டும் பாகும்

சரி, உருக்கியாயிற்று. ஆறும்போது அது ஏன் மறுபடி மணல்மணலாகப் படிகமாகிவிடாமல் வழவழவென்று ஒளி ஊடுருவும் கட்டியாக நிற்கிறது?

இதற்குச் சமையலறைக்குள் போக வேண்டும். சர்க்கரைக் கரைசலில் நூலைத் தொங்கவிட்டு நாள்கணக்கில் விட்டுவைத்தால் கற்கண்டு விளையும். மூலக்கூறுகளுக்கு நிறைய நேரம் கிடைக்கிறது. ஒவ்வொன்றும் தனக்குரிய இடத்தில் வரிசையாக உட்காருகிறது. அது படிகம். அதே சர்க்கரையைப் பாகு காய்ச்சி, தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் ‘டங்’ என்று சத்தம் வரும் பதத்தில் இறக்கிச் சட்டென்று ஆறவிட்டுப் பாருங்கள். வரிசை கட்ட நேரமில்லை. மூலக்கூறுகள் குழம்பில் எப்படிக் கலைந்து கிடந்தனவோ அப்படியே உறைந்துவிடுகின்றன. கிடைப்பது நிறமற்ற, உடைந்தால் கையைக் கிழிக்கிற மிட்டாய். அறிவியல் கணக்கில் அந்த மிட்டாய் கண்ணாடிதான். உவமைக்காகச் சொல்லவில்லை, உண்மையிலேயே கண்ணாடி.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். நிதானமாக அழைத்தால் எல்லோரும் இலைக்கு ஒருவராக உட்கார்ந்துவிடுவார்கள். ஜனம் உள்ளே நுழைகிற நேரத்தில் கரண்ட் போய்விட்டால், நின்றவர் நின்ற இடத்தில்தான். கண்ணாடி என்பது அந்த இருட்டுப் பந்தி.

ஆகவே கண்ணாடி என்பதை ஒரு பொருளின் பெயராக இல்லாமல் ஒரு நிலையின் பெயராக எடுத்துக்கொள்வதே சரி. மணலுக்கும் அந்த நிலை வரும், சர்க்கரைக்கும் வரும். எரிமலைக் குழம்பு வேகமாக ஆறினால் கறுப்புக் கண்ணாடிக் கல்லாகிறது. மனிதன் உலை மூட்டுவதற்கு வெகுகாலம் முன்பே அதை உடைத்துக் கத்தி செய்துகொண்டிருந்தான்.

இங்கே ஒரு கட்டுக்கதையையும் தீர்த்துவிடலாம். ஐரோப்பாவின் பழைய தேவாலய ஜன்னல்களில் கண்ணாடி அடிப்பக்கம் தடித்திருக்கும். ‘கண்ணாடி ஒரு திரவம், நூற்றாண்டுகளாக மெல்ல வழிந்து இறங்கியிருக்கிறது’ என்று பலர் சொல்வார்கள். தப்பு. அந்தக் காலத்தில் ஊதிச் சுழற்றித் தட்டையாக்கிய தகடு ஒரே கனத்தில் வராது. பொருத்தியவர்கள் பெரும்பாலும் கனமான ஓரத்தைக் கீழே வைத்தார்கள். சாதாரண வெப்பநிலையில் கண்ணாடி கண்ணுக்குத் தெரியுமளவு வழிய வேண்டுமென்றால் பிரபஞ்சத்தின் வயதே போதாது.

இன்னொரு சந்தேகம் எல்லா வீட்டிலும் உண்டு. டீக்கடையின் மெல்லிய கிளாஸ் நாளெல்லாம் கொதிக்கக் கொதிக்க டீ வாங்குகிறது, உடைவதில்லை. நான் ஆசையாக வாங்கிய அடிகனத்த டம்ளர், முதல் தடவை சூடான ரசம் ஊற்றியதுமே வட்டமாகப் பிளந்து அடிப்பாகம் தனியே கழன்றது. காரணம் கனமேதான். கண்ணாடி வெப்பத்தை மெதுவாகக் கடத்தும். உட்புறம் சூடேறி விரிய, வெளிப்புறம் இன்னும் குளிர்ந்தே இருக்க, இரண்டும் இழுத்துக்கொள்கின்றன. மெல்லிய சுவரில் இந்த இழுபறி சீக்கிரம் தீர்ந்துவிடும். உலையிலிருந்து வெளிவரும் புதுப் பாத்திரத்துக்கும் இதே ஆபத்து உண்டு. அதனால்தான் செய்து முடித்ததும் சுமார் 500 டிகிரியில் இன்னொரு அடுப்பில் வைத்து மணிக்கணக்கில் ஆறவிடுகிறார்கள். முரானோவில் ஒரு குவளையை ஊதுவதற்குச் சில நிமிடங்கள். ஆறுவதற்கு ஒரு ராத்திரி.

ஊதியது, ஒளித்தது

அருங்காட்சியகத்தின் பழம்பொருள் பகுதியில் கி.பி. 1 முதல் 3ஆம் நூற்றாண்டு வரையிலான ரோமானியக் கண்ணாடிகள் இருக்கின்றன. எண்ணெய்க் குப்பிகள், கிண்ணங்கள், அஸ்திக் கலயங்கள். பெரும்பாலும் புதைகுழிகளில் கிடைத்தவை.

இவற்றின் பின்னால் ஒரு பெரிய திருப்பம் இருக்கிறது. கி.மு. 1500ஐ ஒட்டி எகிப்தில் கண்ணாடிக் குப்பி செய்ய வேண்டுமென்றால், களிமண் உருவம் ஒன்றைக் கம்பியில் பிடித்து, அதன்மேல் உருகிய கண்ணாடியைச் சுற்றி, ஆறிய பிறகு உள்ளேயிருக்கும் மண்ணைச் சுரண்டி எடுக்க வேண்டும். அரசர்களுக்கு மட்டுமே கட்டுப்படியாகும் வேலை. பிறகு கி.மு. முதல் நூற்றாண்டில், மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையில் யாரோ ஒருவர் குழாய் முனையில் கண்ணாடிக் குழம்பை எடுத்து ஊதிப் பார்த்தார். ஜெருசலேமில் அந்தக் காலத்து ஊதல் குப்பை கிடைத்திருக்கிறது. அதன் பிறகு ரோமானியக் குடியானவன் வீட்டிலும் கண்ணாடிக் கிண்ணம் வந்துவிட்டது.

வெனிஸ் அரசு 1291இல் ஊருக்குள் இருந்த உலைகளை இடித்து, எல்லாவற்றையும் முரானோவுக்கு மாற்ற உத்தரவிட்டது. மர வீடுகள் நிறைந்த ஊர், தீப்பிடித்தால் தாங்காது. தீவில் அடைத்துவைத்தால் தொழில் ரகசியமும் வெளியே போகாது என்பது கூடுதல் வசதி. ஊரைவிட்டு ஓடும் கலைஞருக்குத் தண்டனை உண்டு. தீவிலேயே இருப்பவருக்கோ ராஜ மரியாதை: கண்ணாடிக்காரர் மகளைப் பிரபு ஒருவர் மணந்தால் பிள்ளைகளின் பிரபுப் பட்டம் போகாது.

அடைத்துவைத்தால் நின்றுவிடுவார்களா? 1665இல் பிரெஞ்சு மன்னர் 14ஆம் லூயியின் அமைச்சர் கோல்பேர், முரானோவின் முகம்பார்க்கும் கண்ணாடிக்காரர்கள் சிலரை ஆசைகாட்டிப் பாரிசுக்கு இழுத்து ஒரு தொழிற்சாலை தொடங்கினார். வெர்சாய் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்துக்கு ஆடிகள் வந்தது அங்கிருந்துதான். அந்தத் தொழிற்சாலையின் வாரிசு செயின்ட் கோபெய்ன். ஆமாம், ஸ்ரீபெரும்புதூரில் ஆலை வைத்திருக்கும் அதே நிறுவனம்.

தெளிவுக்கு ஒரு விலை

இந்த அருங்காட்சியகத்தின் மையம் என்று நான் நினைப்பது 15ஆம் நூற்றாண்டுப் பொருட்களைத்தான். அதுவரை கண்ணாடி என்றால் லேசாகப் பச்சையோ மஞ்சளோ ஓடியதுதான். உங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடியை ஓரத்திலிருந்து பாருங்கள், பச்சை தெரியும். மணலில் இருக்கும் கடுகளவு இரும்பின் வேலை அது.

ஆஞ்செலோ பரோவியேர் என்ற உலைக்காரர் 1450களில் அந்தப் பச்சையை விரட்டினார். ஏற்கெனவே முரானோவில் சாதாரண மணலுக்குப் பதிலாக ஆற்றுக் கூழாங்கல்லைப் பொடித்துப் போடும் பழக்கம் உண்டு. சோடாவுக்குச் சிரியா பக்கத்து உவர்நிலச் செடிகளின் சாம்பல் கப்பலில் வரும். பரோவியேர் அந்தச் சாம்பலை அப்படியே உலையில் கொட்டவில்லை. தண்ணீரில் கொதிக்கவைத்து, வடிகட்டி, வடிந்த நீரை வற்றக் காய்ச்சி, வெள்ளை உப்பை மட்டும் எடுத்தார். கசடு எல்லாம் வெளியே. அப்புறம் ஒரு சிட்டிகை மாங்கனீசு. மாங்கனீசு தனியாகப் போட்டால் கண்ணாடியை ஊதா ஆக்கும். பச்சையோடு சேர்ந்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மஞ்சளேறிய வேட்டிக்குச் சொட்டு நீலம் போடுகிறோமே, அதே தந்திரம். கண்ணாடிக்காரர்கள் அதை ‘கண்ணாடிச் சோப்பு’ என்றே அழைத்தார்கள்.

வந்தது தண்ணீர் போன்ற கண்ணாடி. மலைகளில் கிடைக்கும் ஸ்படிகக் கல்லை ஒத்திருந்ததால் ‘கிரிஸ்தல்லோ’ என்று பெயர் வைத்தார்கள். ஐரோப்பிய அரண்மனைகள் அடுத்த 200 ஆண்டுகளுக்கு இதற்காக வரிசையில் நின்றன.

அதே குடும்பத்தின் பெயரைத் தாங்கிய நீலக் கிண்ணம்தான் இங்கே எல்லோரும் தேடிவந்து பார்ப்பது. பரோவியேர் கல்யாணக் கிண்ணம் என்பார்கள். கோபால்ட் போட்ட ஆழ்ந்த நீலம். அதன்மேல் வண்ண எனாமலில் ஒரு பக்கம் மணமகன் முகம், எதிர்ப்பக்கம் மணமகள் முகம், இடையில் ஊற்றில் குளிக்கும் பெண்கள், குதிரையேறி வரும் கூட்டம். எனாமல் என்பதும் பொடித்த கண்ணாடிதான். குழைத்துத் தீட்டி மறுபடி சூட்டில் காட்டினால் பாத்திரத்தோடு ஒட்டிக்கொள்ளும். கிண்ணம் உருகிச் சாயாமல் மேலே தீட்டியது மட்டும் உருக வேண்டும். கரணம் தப்பினால் மொத்தமும் போச்சு. ஆஞ்செலோவே செய்தது என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். கிண்ணத்தின் காலம் 1470களை ஒட்டியது. அவர் இறந்தது 1460இல். ஆக, குடும்பத்தில் வேறு யாரோ ஒருவர் கை.

அடுத்தடுத்த அறைகளில் இருக்கும் 18ஆம் நூற்றாண்டுப் பூக்கொத்து விளக்குகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. திறமை இருக்கிறது, அடக்கம் இல்லை. மொரோசினி என்ற பிரபு குடும்பத்தின் விருந்து மேசையை அலங்கரித்த கண்ணாடித் தோட்டம் மட்டும் விதிவிலக்கு. வேலி, பாத்தி, பூந்தொட்டி என்று ஒரு முழுப் பூங்காவையே கண்ணாடியில் செய்திருக்கிறார்கள். குழந்தைகளை அதன் முன்னாலிருந்து நகர்த்துவது கஷ்டம்.

மணிகள்

கிண்ணத்தைவிட எனக்குப் பிடித்தது மணிகள் இருக்கும் பகுதி. நம்மூர் ஜவ்வு மிட்டாய்க்காரரைப் பார்த்தவர்களுக்கு இந்த நுட்பத்தைப் புரியவைப்பது சுலபம். மூங்கில் கழியில் சுற்றியிருக்கும் ஜவ்வில் ரோஸும் வெள்ளையும் கோடுகளாக ஓடும். எவ்வளவு மெல்லிசாக இழுத்தாலும் கோடு கலைவதில்லை, கூடவே மெலிகிறது. கண்ணாடியும் அப்படித்தான். தடித்த கட்டியில் வெள்ளை, சிவப்பு, நீலம் என்று அடுக்கடுக்காக நட்சத்திர அச்சில் அமைத்து, நடுவில் ஓட்டை விட்டு இழுத்தால், விரல் தடிமன் குழாயின் குறுக்குவெட்டிலும் அதே நட்சத்திரம் இருக்கும். வெட்டித் தேய்த்தால் ‘ரொசெத்தா’ மணி. இதைக் கண்டுபிடித்தவர் ஆஞ்செலோவின் மகள் மரியேத்தா என்பது முரானோவில் வழிவழியாக வரும் பேச்சு. 1487இல் தனக்கென்று ஒரு சிற்றுலை வைத்துக்கொள்ள அவர் அரசிடம் அனுமதி வாங்கினார்.

பொடிமணிகளுக்கு இருவர் வேண்டும். நடுவில் காற்று வைத்த கண்ணாடிக் கட்டியின் இரு பக்கமும் கம்பி ஒட்டி, ஆளுக்கொரு திசையில் ஓடுவார்கள். தெரு நீளத்துக்குக் குழாய் நீளும். அதைப் பொடிப்பொடியாக நறுக்கி, சுண்ணாம்பும் கரித்தூளும் கலந்த பொடியில் புரட்டுவார்கள். ஓட்டையில் பொடி அடைத்துக்கொள்வதால், கூர்முனை மழுங்க மறுபடி சூடாக்கும்போது துளை மூடிக்கொள்ளாது. கடைசியில் அவை வெனிசின் ஏழைப் பெண்களிடம் கோக்கப் போகும். வாசலில் வரிசையாக உட்கார்ந்து, மடியில் மரத்தட்டு நிறைய மணி, கையில் விசிறிபோல் விரித்த நீள ஊசிகள். மணிக்குள் ஊசியை அளைந்து அளைந்து ஏற்றுவார்கள். திண்ணையில் கதை பேசிக்கொண்டே பூக்கட்டும் நம் ஊர்ப் பெண்களின் காட்சிதான். கூலியும் அதே கதைதான்.

இங்கே ஒரு தமிழ் வாசகர் நின்று யோசிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. குழாயாக இழுத்து நறுக்கும் இந்த முறை வெனிசில் தொடங்கியது 15ஆம் நூற்றாண்டில். புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் இதைக் கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே செய்துகொண்டிருந்தார்கள். 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது ரோமானியப் பொருட்கள்தான் செய்தியானது. ஆனால் மண்ணில் வாரி வாரிக் கிடைத்தவை பொடிமணிகள். இதே வகை மணிகள் கிழக்கு ஆப்பிரிக்கா முதல் கொரியா வரை கிடைத்திருப்பதால் ஆய்வாளர்கள் இவற்றை இந்தோ-பசிபிக் மணிகள் என்கிறார்கள்.

இழுக்கும் விதம் மட்டும் வேறு. நம் ஆட்கள் ஓடவில்லை. உள்ளீடற்ற இரும்புத் தண்டின் முனையில் கண்ணாடியைக் கூம்பாகத் திரட்டி உலைக்குள் வைத்து, தண்டுக்குள் ஒரு கம்பியைச் செலுத்தி நுனியில் துளை போட்டு, எதிர்ப்பக்கத்து வாய் வழியே ஒருவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே குழாயாக இழுத்துக்கொண்டே இருப்பார், மணிக்கணக்கில். திருப்பதிக்குப் பக்கத்திலுள்ள பாப்பாநாயுடுபேட்டையில் இந்த முறை உயிரோடு இருப்பதை 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆய்வாளர்கள் நேரில் கண்டு பதிவுசெய்தார்கள். அரிக்கமேட்டு மணிகளைப் பார்க்க இத்தாலி போக வேண்டாம், புதுச்சேரி அருங்காட்சியகம் போதும்.

வியர்க்கும் கண்ணாடி

இப்போது அந்தச் சுண்ணாம்புக்கு வருவோம்.

பரோவியேர் சாம்பலை வடிகட்டி வெளியே எறிந்த கசடில் என்ன இருந்தது? இரும்பு இருந்தது, அழுக்கு இருந்தது, கூடவே சுண்ணாம்பும் இருந்தது. தண்ணீரில் கரையாததால் அது துணியிலேயே தங்கிவிட்டது. கண்ணாடியைத் தெளிவாக்கிய அதே வேலை, அதைக் கரையாமல் காக்கும் சரக்கையும் பறித்துக்கொண்டது. இது யாருக்கும் அப்போது தெரியவில்லை. தெரிவதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும், சில பாத்திரங்களுக்கு நூற்றாண்டுகள்.

அப்படிச் சுண்ணாம்பு குறைந்த கண்ணாடிக்கு ஈரக்காற்றே நோய். காற்றின் ஈரம் கண்ணாடியின் மேற்பரப்பிலிருந்து சோடாவை மெல்ல மெல்ல உறிஞ்சி எடுக்கும். முதலில் தொட்டால் சோப்பு பட்டதுபோல் வழுக்கும். பிறகு வியர்வை போல் துளிகள். அந்த உப்புநீர் வழியாமல் அங்கேயே தங்கினால் அரிப்பு இன்னும் வேகமாகும். காற்று திடீரென உலர்ந்தாலோ, சத்திழந்த மேல்தோல் சுருங்கி வலைப்பின்னலாக விரிசல் விடும். கிண்ணம் பாலாடை படிந்ததுபோல் மங்கும். மங்கியதை மறுபடி தெளிவாக்க வழி இல்லை. நோயை நிறுத்திவைக்க மட்டுமே முடியும். உலகெங்கும் கண்ணாடிச் சேகரிப்புகளில் பேழைக்குள் ஈரப்பதத்தை ஏறவும் விடாமல் இறங்கவும் விடாமல் காவல் காப்பது இதற்காகத்தான்.

எங்கள் வீட்டில் பாட்டியின் அத்தர் புட்டி ஒன்று இருக்கிறது. இதைப் படித்த அன்று அலமாரியிலிருந்து எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தேன். பச்சை ஓடிய மட்டக் கண்ணாடி, உள்ளே ஊசிமுனைக் குமிழிகள், மூடியும் சரியாகப் பொருந்தாது. சுண்ணாம்பு குறைவில்லாமல் விழுந்திருக்கும் போல. வழுக்கவும் இல்லை, வியர்க்கவும் இல்லை.